நோரிஸ் ஹாஸ்கெல் துடைத்த கண்ணாடி

ஹார்லோவில் யார் வீட்டில் எது பழுதானாலும் முதலில் கதவைத் தாழிடுவார்கள். அப்புறம்தான் பழுது பார்க்கிறவனைக் கூப்பிடுவார்கள். தாழிடாவிட்டால் நோரிஸ் ஹாஸ்கெல் கருவிப்பெட்டியோடு உள்ளே வந்துவிடுவார்.

எழுபது தாண்டிய ஆள். வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களை நியூ ஹாம்ப்ஷயரின் வடக்கு மலையெல்லாம் விற்றவர். விற்றதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரைக் கும்பிட்டிருக்கும். ஒரு தரம் தேவாலயக் கடிகாரத்தைச் சரி செய்கிறேன் என்று ஏறினார். அன்றிலிருந்து நண்பகலில் அது ஏழு அடிக்கிறது. கடிகாரத்தில் குற்றமில்லை, கயிறு இழுத்த பயல்தான் காரணம் என்று இன்றுவரை சாதிக்கிறார். தம்பி மனைவி லோரெட்டாவின் துணி துவைக்கும் இயந்திரத்தில் கை வைத்தார். அன்று சாயங்காலமே அது நிலவறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாக நடந்து போயிற்று. அவருடைய மனைவி வருஷத்தில் பாதியை ஃப்ளோரிடாவில் அக்கா வீட்டில் கழிக்கிறாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஊரில் ஒருத்தரும் அதை நம்பவில்லை.

"எனக்குத் தெரியாது", "நான் செஞ்சது தப்பு" என்ற இரண்டு வாக்கியங்களும் நோரிஸின் வாயில் என்றுமே உருவானதில்லை. பிரசவம் பார்க்கிற நர்ஸுக்குக்கூட யோசனை சொன்ன மனுஷன். இப்பேர்ப்பட்டவரைத்தான் ஊர், நூலகக் குழுவுக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. வேறு யாரும் நிற்கவில்லை என்பது ஒரு காரணம். புத்தகத்தில் என்ன பெரிதாகக் கெடுத்துவிடப்போகிறார் என்று நினைத்தது இன்னொரு காரணம். நூலகத்தில் புத்தகம் மட்டும் இல்லை, ஒரு தொலைநோக்கியும் இருக்கிறது என்பதை ஊர் மறந்துவிட்டது.

பக்கத்து ஊர் வானியல் சங்கத்தார் கொடுத்தது அது. முழங்கால் உயரம், குட்டையாய்த் தடியாய் ஒரு குழாய், அடியில் முகம் பார்க்கிறது மாதிரி ஒரு கண்ணாடி. நூலக அட்டை உள்ள யாரும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சமையல் புத்தகத்தையும் துப்பறியும் கதையையும் நீட்டுகிற அதே மேஜையில் நூலகர் மாவிஸ் அதையும் தூக்கி வைப்பாள். குளிர்காலத்தில் அதற்குக் காத்திருப்போர் வரிசை நீளம். அந்த வரிசையில் இலையுதிர் காலத்திலேயே பெயர் கொடுத்து வைத்திருந்தார் நோரிஸின் தம்பி ஆல்டன்.

ஆல்டன் கிராமங்களுக்குத் தபால் வண்டி ஓட்டியவர். பேச்சு குறைவு. ஆற்று மீன் பிடிக்கத் தூண்டிலில் கட்டுகிற இறகுப் பூச்சிகளைத் தானே கட்டுவார். கொசு அளவு இறகை நூலால் சுற்றுகிற வேலை அது. அந்த மனுஷனுக்குத்தான் கண் போய்க்கொண்டிருந்தது. இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணின் நடுவில் ஒரு புகை. மாதா மாதம் அதில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊசி விடாம போட்டா கொஞ்ச காலம் தாங்கும். விட்டா சட்டுனு போயிடும்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அதற்குள் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார் ஆல்டன். சனிக் கிரகத்தின் வளையம். நம் ஆட்கள் சனி தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று எள் விளக்கு ஏற்றுவார்கள். இவரானால் அதைத் தேடிப் போய்ப் பார்க்க வரிசையில் நின்றார்.

"அதெல்லாம் படம் போடுறவன் கைவேலைன்னுதான் நான் நெனச்சிருக்கேன்" என்பார் லோரெட்டாவிடம். "தட்டு மாட்டின பந்து மாதிரி ஒண்ணு நிஜமாவே மேல தொங்குதாமே? கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

லோரெட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் பல காலம் கரண்டி பிடித்தவள். நாக்கு கத்தி. வானமாவது நட்சத்திரமாவது என்று அலட்சியமாகப் பேசுவாள். ஆனாலும் வாரா வாரம் நூலகத்துக்குப் போய், "எங்க முறை எப்போ மாவிஸ்?" என்று கேட்டுவிட்டு வந்தவள் அவள்தான்.

ஜனவரியில் முறை வந்தது. வரும்போதே கூட நோரிஸும் வந்தார்.

"ஊரே தொட்ட சாமான். அதை அப்படியே தம்பிகிட்ட குடுக்கிறதா? நான் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு சர்வீஸ் பண்ணிக் குடுக்குறேன்" என்று முந்தின நாளே மாவிஸிடமிருந்து வாங்கிப்போய்விட்டார். குழு உறுப்பினர் கேட்கும்போது மாவிஸ் என்ன செய்வாள்? கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அவர் கொண்டுவந்து வைத்தபோது முகத்தில் அப்படியொரு பெருமை. "கண்ணாடியக் கழட்டி எடுத்தேன். நட்ட நடுவுல வட்டமா ஒரு கறை. எவனோ காப்பி கப்பை வெச்சிருப்பான் போல. ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுது. நான் விடுவேனா?"

"எதைப் போட்டுத் தேச்சீங்க?" என்றாள் லோரெட்டா.

"கணப்பு அடுப்புக் கண்ணாடிய எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? ஈரக் காகிதம், அடுப்புச் சாம்பல். அதுக்கு மிஞ்சின மருந்து உண்டா?"

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் விறகுக் கணப்பின் கண்ணாடிக் கதவை அப்படித்தான் துடைக்கிறார்கள். லோரெட்டாவும் அப்படித்தான் துடைக்கிறாள். அதனால் அவளுக்கும் அப்போது தப்பாகத் தோன்றவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூட பஸ் திரும்புவதற்குள் இருட்டிவிடும். பின்கட்டில் மரமேஜை மேல் கிடந்த பனியை ஆல்டன் கையாலேயே வழித்துத் தள்ளினார், தொலைநோக்கியை அதன்மேல் வைத்தார். யாரும் கூப்பிடாமலே நோரிஸ் வந்து குழாயைத் தென்மேற்கே திருப்பி, "அதோ, மினுக்காம நிக்குதே, அதான்" என்றார். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்.

ஆல்டன் குனிந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார். திருகைத் திருகினார், திருப்பித் திருகினார்.

"ஒரே கலங்கலா இருக்கே. ரொட்டியில வெண்ணெய் தேச்ச மாதிரி இழுவிக்கிட்டு நிக்குது."

"தள்ளு" என்று நோரிஸ் குனிந்தார். லோரெட்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் ஒரு நொடிக்கு மேல் பார்க்காத மனுஷன், அன்றைக்கு வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடேயப்பா! வளையம் கத்தி வெச்ச மாதிரி நிக்குதே!"

"நிஜமாவா?" என்றார் ஆல்டன்.

"பின்னே? உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கிற இருட்டுகூடத் தெரியுது."

லோரெட்டா எட்டிப் பார்த்தாள். வெண்ணெய்தான். "எனக்கும் ஒண்ணும் தெரியலயே?"

"உனக்கு என்னிக்கு லோரெட்டா பொறுமை இருந்திருக்கு? மூக்குக்கண்ணாடிய மாத்து முதல்ல."

ஆல்டன் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு குழாயின் மூடியை எடுத்து, குழந்தைக்குக் குல்லா போடுகிற மாதிரி மெதுவாக மாட்டினார்.

"விடு, லோரெட்டா. அவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. கண்ணு போயிடுச்சு. நாள் இருக்குன்னு நெனச்சேன், அது முந்திக்கிச்சு."

அப்போதாவது அந்த ஆள் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றார். தம்பியின் குரல் உடைந்தது அவர் காதிலும் விழுந்தது. "நல்லா மூடி வை, பனி இறங்கும்" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் ஆல்டன் ஒவ்வொன்றாகக் கைகழுவினார். வண்டிச் சாவியைக் கொண்டுவந்து லோரெட்டாவின் பையில் போட்டார். இறகும் நூலும் இருந்த பெட்டியை எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். சன்னல் திரையைத் திறக்க விடவில்லை. இதெல்லாம்கூடப் போகட்டும். ஊசிக்குப் போக மறுத்துவிட்டார்.

"செத்த கண்ணுக்கு எதுக்கு ஊசி? இன்னொருத்தனுக்காவது அந்த நாற்காலி கிடைக்கட்டும்."

லோரெட்டா கெஞ்சினாள், திட்டினாள், தட்டைத் தூக்கி எறிந்தாள். அசையவில்லை. முதல் ஊசி தவறியது. இரண்டாவதும் தவறப் போகிறது என்ற நிலையில் ஒரு நாள், அவருடைய பெரிய எழுத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனாள்.

மேஜைமேல் தொலைநோக்கி பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஆல்டனுக்கு அப்புறம் வாங்கிப் போனவர்களெல்லாம், ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்களாம். சங்கத்திலிருந்து ஜாய்ஸ் டட்டில் வந்திருந்தாள். சுற்றுவட்டாரத்து நூலகத் தொலைநோக்கிகளையெல்லாம் கவனித்துக்கொள்கிறவள். கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, பிணத்தைப் பார்த்தவள் மாதிரி நின்றாள்.

"யாரு மாவிஸ் இதை மணலைப் போட்டுத் தேச்சது? நடுவுல ஒரு வெள்ளை வளையம் ஒட்டியிருக்குமே, எங்கே? அதை வெச்சுத்தான் கண்ணாடிய நேரா நிறுத்துறதே. அதையும் சுரண்டிட்டு, கோணலா வேற மாட்டியிருக்கு. இதுல சனியில்ல, நிலாவே தெரியாது."

மாவிஸ் லோரெட்டாவைப் பார்த்தாள். லோரெட்டா மாவிஸைப் பார்த்தாள்.

"மணல் இல்ல" என்றாள் லோரெட்டா. "சாம்பல்."

வீட்டுக்கு ஓடிவந்து ஆல்டனிடம் சொன்னாள். கண்ணில் குற்றமில்லை, கண்ணாடியில்தான் குற்றம், நாளைக்கே ஊசிக்குப் போவோம் என்றாள். ஆல்டன் இருட்டு அறையில் உட்கார்ந்தபடி அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீ எனக்காகச் சொல்ற."

"அட மனுஷா, ஜாய்ஸ் சொன்னா!"

"கண்ணாடி கெட்டுப்போயிருந்தா நோரிஸுக்கு எப்படித் தெரிஞ்சுது? நடுவுல இருந்த இருட்டைக்கூடப் பாத்தானே. அவனுக்கு வாய் நீளம்தான். ஆனா என்கிட்ட பொய் சொல்ல மாட்டான். அப்பா போனப்புறம் என்னைத் தோள்ல தூக்கி வளத்தவன் அவன்."

எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் இந்த முட்டுக்கட்டையை எடுக்க ஒரே வாயால்தான் முடியும். அந்த வாய் நோரிஸின் வாய்.

சனிக்கிழமை காலையில் ஊர்க் குப்பைக் கிடங்கில் அவரைப் பிடித்தாள். ஹார்லோவில் யாரைப் பார்க்க வேண்டுமானாலும் சனிக்கிழமை குப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் போதும். நோரிஸ் கண்ணாடிப் போத்தல்களை நிறம் பிரித்துப் போடுவது எப்படி என்று கிடங்குக்காரனுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். லோரெட்டா அவரைத் தனியாக அழைத்துப்போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு தன்மையாகவே பேசினாள்.

"நோரிஸ், உங்க தம்பி ஊசிக்குப் போக மாட்டேங்குறாரு. கண்ணு நிஜமாவே போயிடும். நீங்க வீட்டுக்கு வந்து, அன்னிக்கு எனக்கும் ஒண்ணும் தெரியலடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்ணாடிய யாரு கெடுத்தாங்கன்னு நான் கேக்கல. ஊருக்கும் சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சதத் தெரியலன்னு சொல்லச் சொல்றியா?"

"தெரிஞ்சுதா?"

"எனக்குப் பார்வை நல்லாருக்கு, லோரெட்டா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அந்த ஜாய்ஸ் என்ன சொன்னாலும் சரி, என் கைபட்டு எதுவும் கெட்டதில்ல."

ஒரு பச்சைப் போத்தலை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். லோரெட்டாவுக்கு அவரையும் சேர்த்து அதில் போடலாமா என்று இருந்தது. "தூ" என்று பனியில் துப்பிவிட்டு வண்டியில் ஏறினாள். இந்த மனுஷன் நாலு சுவருக்குள் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஊர் நடுவில் நிறுத்தினால்தான் ஆச்சு என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

மார்ச்சில் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள், பனி உருகி ஒழுகுகிற பூட்ஸுகள், சமையலறையிலிருந்து வேகவைத்த மொச்சையும் பன்றித் தொடையும் மணக்கிற மணம். கண்ணு தெரியாட்டியும் ஓட்டுப் போட்டுத்தானே ஆகணும் என்று ஆல்டனை இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தாள். மற்றதற்கு வராவிட்டாலும் அதற்கு வருவார். ஹார்லோக்காரர்கள் பிரசவ வலியிலும் ஊர்க்கூட்டத்துக்கு வருகிறவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கறாரான விதி. கையில் கொடுத்திருக்கிற ஓட்டு அட்டையைத் தூக்கி அனுமதி வாங்கித்தான் பேச வேண்டும். யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது. திட்டுவதாக இருந்தாலும் மேடையில் நிற்கிற கூட்டத் தலைவரைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும். தலைவர் எல்வுட் அந்த விதியைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தவர்.

நூலகப் பராமரிப்பு பற்றிய தீர்மானம் வந்ததும் நோரிஸ் எழுந்தார். கூரை, படிக்கட்டு, கொதிகலன் என்று அடுக்கிக்கொண்டே போனார். அங்கே நிறுத்தத் தெரியவில்லை பாருங்கள். "தொலைநோக்கியக்கூட நானே என் கையால சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன்" என்றார்.

லோரெட்டாவின் அட்டை மேலே போயிற்று.

"தலைவரே, நூலகப் பராமரிப்பு பத்தி ஒரு கேள்வி. பேசினவர் கையால துடைச்ச கண்ணாடி இதோ." பையிலிருந்து அதை எடுத்தாள். ஜாய்ஸிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். "எல்லாரும் கை மாத்திப் பாருங்க. முகம் தெரியுதான்னு பாருங்க."

கண்ணாடி வரிசை வரிசையாகப் போயிற்று. பார்த்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். "என் அடுப்புக் கதவே இதைவிடத் தேவலாம்" என்று ஒரு கிழவர் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. கடைசியில் அது ஆல்டனின் மடிக்கு வந்தது. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. இறகு கட்டிப் பழகிய விரல்நுனியை அதன்மேல் ஓட்டினார். நடுவில் வந்ததும் விரல் நின்றது.

"அப்புறம் கெட்டிருக்கலாம்" என்றார் நோரிஸ். "எனக்கப்புறம் எத்தனையோ பேர் தொட்டாங்க."

"தலைவர்கிட்ட பேசுங்க" என்றார் எல்வுட்.

"தலைவரே" என்றாள் லோரெட்டா, "அவரைக் கேளுங்க. ஜனவரியில எங்க பின்கட்டுல, இந்தக் கண்ணாடி வழியா, அவர் சனியோட வளையத்தைப் பாத்தாரா இல்லயா?"

"இது தீர்மானத்துக்குச் சம்பந்தமா?"

"ஊர்ச் சாமான் ஒழுங்கா இருந்துதான்னு கேக்குறேன். இதைவிடச் சம்பந்தம் வேற வேணுமா?"

எல்வுட் யோசித்தார். சம்பந்தம்தான் என்று தலையாட்டினார். "நோரிஸ், சொல்லுங்க. இங்க சொல்றது ஊர்ப் பதிவுல ஏறும்."

நோரிஸ் ஆரம்பித்தார். அன்றைய காற்றின் ஈரப்பதத்தைச் சொன்னார். கண்ணாடிகளின் பொதுவான தன்மையைச் சொன்னார். கணப்புக் கண்ணாடிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். வியர்த்துக்கொட்டியது. இந்த ஒரு "இல்லை"யைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவன்கூடத் தேவலாம்.

"ஆமாவா, இல்லையா?" என்றார் எல்வுட்.

நோரிஸ் தரையைப் பார்த்தார். "தெளிவா... இல்ல."

"வளையம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

கூடம் ஓவென்று சிரித்தது. கடிகாரத்தை ஞாபகம் வைத்திருந்தவர்கள், அவர் கை வைத்துக் கொதிகலன் வெடித்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வட்டியும் முதலுமாகச் சிரித்தார்கள். ஆல்டன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். ஐம்பது வருஷமாக அட்டையைத் தூக்காமல் அந்தக் கூட்டத்தில் பேசியறியாதவர், அன்றைக்குத் தலைவர் பக்கமே திரும்பவில்லை.

"நோரிஸ், நீ ஒண்ணும் பாக்கலயா?"

எல்வுட் சுத்தியலைத் தூக்கினார். பிறகு சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டார்.

"நான் குருடாயிட்டேன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்னே? உன் கை தப்பு பண்ணுச்சுன்னு சொல்றதவிட, என் கண்ணு போகட்டும்னு விட்டுட்டியா?"

நோரிஸுக்கு அதற்கும் ஏதோ விளக்கம் இருந்திருக்கும். ஆனால் உட்கார்ந்துவிட்டார். நூலகத் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

மதியச் சாப்பாட்டில் ஆல்டன் நீள மேஜையில் மொச்சையைக் கிளறிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை முதல் வேலையாக ஊசிக்குப் போவது என்று லோரெட்டா ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாயிற்று. மாவிஸ் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜாய்ஸ் புதுக் கண்ணாடி போட்டுட்டா, ஆல்டன். வரிசையில உங்களை முன்னாடி போட்டுட்டேன்."

"அப்போ இந்த வாரமே சனியப் பாத்துடலாமா?"

மாவிஸ் கரண்டியை வைத்துவிட்டாள். "அது இப்போ சூரியன் பக்கம் போயிடுச்சாம். மறுபடி சாயங்காலத்துல தெரிய, இலை உதிர்ற காலம் ஆகுமாம்."

ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தாலே இலையுதிர் காலம் சந்தேகம். இதில் தவறவிட்டது வேறு. அந்த மேஜையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

அந்த நேரம் பார்த்து நோரிஸ் வந்தார். கையில் காகிதத் தட்டு. காதுமடல் சிவந்திருந்தது.

"டேய் ஆல்டன், வியாழன் நல்லாத் தெரியுது இப்போ. நான் வந்து வெச்சுக் காட்டுறேன். எப்படித் திருப்பணும்னு எனக்குத் தெரியும்."

மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் பாடம்தான். லோரெட்டா கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். ஆல்டன் அவளைக் கையமர்த்தினார். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தார். நடுவில் புகை இருப்பதால் ஓரக்கண்ணால்தான் அவருக்கு எதுவும் தெரியும். அப்படிச் சாய்ந்தபடி அண்ணனின் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நோரிஸ் நெளிந்தார்.

"என்னடா அப்படிப் பாக்குற?"

"இல்ல நோரிஸ்" என்றார் ஆல்டன். "கண்ணு போறதுல ஒரு நல்லதும் இல்லன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணு இருக்கு. இந்த மூஞ்சிய இனிமே பாக்க வேண்டியதில்ல."

மொச்சைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.